‘கொஞ்ச நாளைக்குத்தான்’: முள்ளிக்குளத்தில் ஒரு சொல்லின் நீளம்

கெம்பஸ் கன்டீனில் நின்றுகொண்டு நண்பன் ஒருத்தனுக்கு கோல் எடுத்து “எங்க நிக்கிறாய்?” என்று கேட்டால் “இந்தா வாறன்” என்று பதில் வரும். இந்த ‘இந்தா’ எவ்வளவு நேரம்? வாசலில் நிற்கிறவன் சொன்னால் ஒரு நிமிடம். ஹொஸ்டலில் படுத்திருக்கிறவன் சொன்னால் அரை மணித்தியாலம். வவுனியாவில் பஸ் ஏறப் போகிறவன் சொன்னால், நாங்கள் சாப்பிட்டு முடித்துப் போய்விடுவது நல்லது.

‘கொஞ்சம்’ என்ற சொல்லையும் பாருங்கள். அம்மா “கொஞ்சம் சோறு போடவா?” என்றால் கோப்பை நிரம்பப் போகுது என்று அர்த்தம். டொக்டர் “கொஞ்சம் நோகும்” என்றால் பல்லைக் கடித்துக்கொள்ள வேணும். கடைக்காரர் “கொஞ்சம் பொறுங்கோ” என்றால் மற்ற ஆளுக்குச் சாமான் கட்டி முடிக்கும் வரைக்கும். ஒரே சொல்தான். அளவு மட்டும் இடத்துக்கு இடம் மாறுகிறது.

இப்படி எல்லை தெளிவில்லாத சொற்களை நாங்கள் நாள் முழுக்கப் பாவிக்கிறோம், பெரிதாக ஒரு குழப்பமும் வருவதில்லை. யார் சொல்கிறார், எங்கே, எதற்காகச் சொல்கிறார் என்பதை வைத்து அளவைப் பிடித்துக்கொள்கிறோம். பிடிபடாவிட்டால் “எவ்வளவு நேரம்?” என்று திருப்பிக் கேட்கிறோம். பொய் சொன்னால் அடுத்த முறை அவனை நம்புவதில்லை.

ஆனால் திருப்பிக் கேட்க முடியாத இடத்தில் இந்தச் சொற்களுக்கு என்ன நடக்கும்? சொல்கிறவரிடம் துவக்கும், கேட்கிறவரிடம் ஒரு உரப்பையும் இருக்கும்போது ‘கொஞ்ச நாள்’ என்றால் எத்தனை நாள்? இந்தக் கேள்விக்கு எங்கட நாட்டிலேயே ஒரு ஊர் பதில் வைத்திருக்கிறது. அதன் பெயர் முள்ளிக்குளம்.

மூன்று நாள்

மன்னார் மாவட்டத்தின் தெற்குக் கரையில், முசலிப் பிரதேச செயலகப் பிரிவுக்குள் இருக்கிறது முள்ளிக்குளம். சிலாவத்துறையில் இருந்து கரையோரமாகத் தெற்கே போனால், மறிச்சுக்கட்டிக்கு அருகே, வில்பத்துக் காடு தொடங்கும் இடத்துக்கு முன்னால். பக்கத்தில் மோதரகம் ஆறு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் குளங்களும் வயலும். கத்தோலிக்கத் தமிழ் ஊர். கடலில் கரைவலை இழுத்தும் வயலில் நெல் விதைத்தும் வாழ்ந்த சனம். நடுவில் கோயில். மன்னாரில் கோயில் என்றால் தேவாலயமும்தான் என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறோம்.

2007 செப்டெம்பர் தொடக்கத்தில் சிலாவத்துறைப் பகுதியை இலங்கை இராணுவம் புலிகளிடம் இருந்து கைப்பற்றியது. அதே மாதம் முள்ளிக்குளம் மக்கள் ஊரை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். மூன்று நாளில் திரும்பி வரலாம் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள் என்று அந்த மக்கள் இன்றுவரை சொல்லி வருகிறார்கள்.

‘மூன்று நாள்’ தெளிவான சொல். அதில் குழப்பம் இல்லை. நாலாவது நாள் விடிந்ததும் அது பொய்யாகிவிட்டது. அதற்குப் பிறகு அந்த இடத்துக்கு வந்த சொற்கள்தான் எங்களுக்கு முக்கியம். ‘தற்காலிகமாக’, ‘நிலைமை சீரானதும்’, ‘விரைவில்’. இவை ஒருநாளும் பொய்யாகாது. ஏனென்றால் இவற்றுக்கு நாலாவது நாள் என்று ஒன்று கிடையாது.

இதை மக்கள் ஏன் நம்பினார்கள் என்று சுலபமாகக் கேட்டுவிடலாம். வடக்கில் போர்க்காலம் முழுக்க இடம்பெயர்வு என்பதே அப்படித்தான் இருந்தது. செல்லடி தொடங்கினால் அடுத்த ஊர் கோயிலிலோ பள்ளிக்கூடத்திலோ போய் இருப்பது, ஓய்ந்ததும் திரும்பி வந்து கூரையைப் பார்ப்பது. அந்த அனுபவத்தில் ‘கொஞ்ச நாளைக்கு’ என்பதற்கு ஒரு நீளம் இருந்தது. கோழிக்குத் தீன் போட்டுவிட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போகும் அளவு நீளம். மக்கள் தங்கள் அனுபவத்தை வைத்து அந்தச் சொல்லை அளந்தார்கள். சொன்னவர்களிடம் வேறு அளவுகோல் இருந்தது.

2009 மே மாதம் போர் முடிந்தது. நிலைமை சீரானதா இல்லையா என்ற கேள்விக்கு அதைவிடப் பெரிய பதில் வேண்டியதில்லை. ஆனால் முள்ளிக்குளம் திரும்பக் கிடைக்கவில்லை. அங்கே கடற்படையின் வடமேற்குக் கட்டளைத் தலைமையகம் அமைந்தது. இடிபடாமல் மிஞ்சியிருந்த ஊர் வீடுகளில் கடற்படையினர் இருந்தார்கள். கோயில் முகாமுக்குள் அகப்பட்டது. பூசைக்குப் போவதென்றால் கடற்படையின் அனுமதிக்குள்தான் போக வேண்டும்.

நெல்லுக் குவியல்

இதை யோசிக்கும்போது கிரேக்கத்தின் பழைய புதிர் ஒன்று ஞாபகம் வருகிறது. கி.மு. 4 ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மிலேத்தஸ் நகரத்து யூபுலிடீஸ் என்பவரின் பெயரில் வழங்கும் புதிர். எங்கட பாசையில் சொல்வதானால்: களத்தில் ஒரு நெல்லுக் குவியல் இருக்கிறது. ஒரு மணியை எடுக்கிறீர்கள். இன்னும் அது குவியல்தான். இன்னொன்றை எடுக்கிறீர்கள். இப்போதும் குவியல்தான். ஒரு மணி குறைந்ததால் குவியல் குவியலாக இல்லாமல் போகுமா? போகாது. அப்படியே எடுத்துக்கொண்டு போனால் கடைசியில் ஒரு மணிதான் மிஞ்சும். அதுவும் குவியலா?

தத்துவ வகுப்பில் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். முள்ளிக்குளத்தில் நெல்மணிக்குப் பதில் நாட்களை வையுங்கள். ‘தற்காலிகம்’ எந்த நாளில் ‘நிரந்தரம்’ ஆனது? பத்தாவது நாளிலா, நூறாவது நாளிலா? எந்த ஒரு நாளைக் காட்டியும் “இன்றைக்குத்தான் நீங்கள் வாக்கு மாறினீர்கள்” என்று சொல்ல முடியாது. நேற்று தற்காலிகம் என்றால் இன்றும் தற்காலிகம்தானே. ஒரு நாள் கூடினதில் என்ன வந்தது?

‘தற்காலிகம்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘தற்காலம்’ இருக்கிறது. தற்காலம் என்றால் இப்போது நடக்கிற காலம். அது எப்போதும் நடந்துகொண்டேதான் இருக்கும். எல்லை இல்லாத சொல்லைக் கையில் வைத்திருப்பவருக்கு இதுதான் வசதி. அவர் ஒருநாளும் ‘இல்லை’ என்று சொல்லத் தேவையில்லை. ‘இன்னும் இல்லை’ என்பதே போதும்.

நியாயமான அளவு, பொருத்தமான வேகம்

எங்கட அரசியல் வரலாற்றில் இப்படிக் காத்திருக்க வைத்த சொல் ஒன்று உண்டு. நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனால் சொல்லாகப் பார்த்ததில்லை. 1956 இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. பண்டாரநாயக்கா தரப்பு அதோடு சேர்த்து ஒரு வாக்கும் தந்தது: தமிழ் மொழியின் ‘நியாயமான’ பாவனைக்கு இடம் உண்டு என்று. 1957 யூலையில் பண்டா – செல்வா ஒப்பந்தம், 1958 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது, அந்த வருடமே தமிழ் மொழி விசேட ஏற்பாடுகள் சட்டம். சட்டம் வந்தது, ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் ஒழுங்குவிதிகள் நாடாளுமன்றத்துக்கு வந்தது 1966 சனவரியில். இடையில் ஏழு வருடத்துக்கு மேல்.

நியாயமான பாவனை என்றால் என்ன? தபால் கந்தோரில் தமிழில் படிவமா? பொலிசில் தமிழில் முறைப்பாடா? அரச உத்தியோகப் பரீட்சை தமிழிலா? கொழும்பில் ஒரு அமைச்சருக்கு அந்தச் சொல்லின் அளவு வேறு, யாழ்ப்பாணத்து லிகிதருக்கு வேறு. அளவைத் தீர்மானிக்கும் பேனா ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தது.

இது எங்கட நாட்டு வருத்தம் மட்டும் கிடையாது. அமெரிக்காவில் 1954 இல் பிரவுண் வழக்கில், கறுப்பினப் பிள்ளைகளை வேறு பள்ளிக்கூடங்களில் பிரித்து வைப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எப்போது மாற்ற வேண்டும்? 1955 இல் வந்த இரண்டாவது தீர்ப்பு தேதி சொல்லவில்லை. நிதானத்தோடு கூடிய வேகம் என்று பொருள்படும் ஒரு தொடரை எழுதி விட்டது. தென் மாநிலங்கள் ‘வேகம்’ என்பதை விட்டுவிட்டு ‘நிதானம்’ என்பதை மட்டும் பிடித்துக்கொண்டன. வெர்ஜீனியாவில் பிரின்ஸ் எட்வர்ட் என்ற மாவட்டம் வெள்ளைப் பிள்ளைகளோடு கறுப்புப் பிள்ளைகளைச் சேர்ப்பதை விட, 1959 முதல் 1964 வரை அரச பள்ளிக்கூடங்களையே இழுத்து மூடியது. அந்தச் சொற்றொடருக்கு நீதிமன்றம் முற்றுப்புள்ளி வைத்து, உடனடியாகச் செய் என்று சொன்னது 1969 இல். 1955 இல் முதலாம் வகுப்பில் இருந்த பிள்ளை அதற்குள் பள்ளிக்கூடமே முடித்துவிட்டது.

மூன்று இடத்திலும் ஒரே மாதிரிதான் நடந்திருக்கிறது. சொல் தெளிவில்லாமல் இருந்தது முதல் காரணம். அதன் அளவைத் தீர்மானிக்கும் வேலை, தாமதத்தால் நட்டப்படாத தரப்பிடம் போனது இரண்டாவது காரணம். இரண்டாவதுதான் பெரியது.

ஆளில்லாத நிலம்

காலம் பற்றிய சொற்களைப் பார்த்தோம். இனி நிலம் பற்றிய சொற்கள். இதற்கு முள்ளிக்குளத்தின் கரையில் நின்றுகொண்டே கொஞ்சம் பின்னுக்குப் போக வேணும்.

1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் பிரித்தானியர் கொண்டு வந்தார்கள். காடாகவும் தரிசாகவும் ஆளில்லாமலும் பயிரிடப்படாமலும் கிடக்கும் நிலம், மறுதலையாக நிரூபிக்கப்படும் வரை முடிக்குரியது என்று அது சொன்னது. ‘தரிசு’ என்றால் யாருக்குத் தரிசு? சேனைப்பயிர் செய்கிறவர் ஒரு துண்டை வெட்டி விதைத்துவிட்டு, பிறகு சில வருடம் ஆறப் போடுவார். அவர் கண்ணுக்கு அது ஓய்வெடுக்கும் நிலம். மாடு மேய்க்கிறவருக்கு அது மேய்ச்சல் தரை. விறகு, தேன், மருந்து எடுக்கிறவருக்கு அது களஞ்சியம். கோப்பித் தோட்டத்துக்குக் காணி தேடிக்கொண்டிருந்த அரசுக்கு அது ‘தரிசு’. சட்டத்தில் எந்தக் கண் பதிந்தது என்று சொல்லத் தேவையில்லை. ‘இல்லை, இது என்னுடையது’ என்று நிரூபிக்கும் பாரம் உறுதி எழுதியே பழக்கமில்லாத சனத்தின் தலையில் விழுந்தது.

இதே முசலிக் கரையை அதே அரசு முத்துக்காகப் பார்த்தபோது அது வெறும் நிலமாகத் தெரியவில்லை. தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் அரிப்பில் தனக்கொரு மாளிகையே கட்டினார். அதன் இடிபாடு இன்றும் கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. 1900களின் தொடக்கத்தில் முத்துக்குளிப்புக் காலம் வந்தால் மறிச்சுக்கட்டியில் ஒரு தற்காலிக நகரமே எழும்பும். குளிப்பாளர்கள், வியாபாரிகள், உத்தியோகத்தர்கள், கடைகள். சீசன் முடிந்ததும் கலைந்துவிடும். அந்த ‘தற்காலிகம்’ உண்மையிலேயே தற்காலிகம். ஏனென்றால் அதற்கு முடிவு வைத்தது கடல்.

‘காடு’ என்ற சொல்லுக்கு இந்தக் கரையில் இன்னொரு கதையும் இருக்கிறது. அதைச் சொல்லும்போது தமிழ் வாசகர்களாகிய நாங்கள் கண்ணை வேறு பக்கம் திருப்பக் கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கு மாகாணத்தில் இருந்த முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சனம். யாழ்ப்பாண நகரத்தில் கொடுக்கப்பட்ட நேரம் இரண்டு மணித்தியாலம். முசலியில் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி போன்ற முஸ்லிம் ஊர்களும் வெறுமையாகின. பெரும்பாலானவர்கள் புத்தளம் பக்கம் போய் அகதி முகாம்களில் வாழ்ந்தார்கள்.

ஆளில்லாத ஊரில் இருபது வருடத்தில் என்ன வளரும்? மரம் வளரும். கிணறு தூர்ந்து போகும், வரம்பு மறைந்து போகும். போர் முடிந்து மக்கள் திரும்பி வந்து பற்றையை வெட்டத் தொடங்கியபோது, அவர்கள் வில்பத்துவை அழிக்கிறார்கள் என்று தெற்கில் பெரிய குரல் எழும்பியது. பார்க்கிறவருக்கு அது காடு. வெட்டுகிறவருக்கு அது தாத்தாவின் வளவு. இரண்டு பேரும் ஒரே மரத்தைத்தான் காட்டினார்கள். காடு காப்பாற்றப்பட வேண்டியது என்பதில் எங்களுக்கும் மறுப்பு இல்லை. ஆனால் சனத்தைத் துரத்தியதால் வளர்ந்த காட்டுக்கும் என்றைக்கும் காடாகவே இருந்த காட்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டு மூடினால், 1990 இல் நடந்தது வரைபடத்தில் இருந்தே அழிந்துபோகும்.

2017 மார்ச்சில், ரஷ்யாவுக்குப் போயிருந்த அன்றைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன அங்கிருந்தபடியே ஒரு வர்த்தமானியில் கையெழுத்திட்டார். வில்பத்துவுக்கு வடக்கே இருக்கும் காடுகளைச் சேர்த்து 40,030 ஹெக்டெயர் மாவில்லு ஒதுக்கக் காடாகப் பிரகடனமானது. தங்கள் ஊர்க்காணிகள் அதற்குள் அகப்பட்டுவிட்டன என்று மறிச்சுக்கட்டியில் முஸ்லிம் மக்கள் போராட்டத்தில் இருந்தார்கள். அதே நாட்களில் சில மைல் தள்ளி முள்ளிக்குளத்துத் தமிழ் மக்களும் போராட்டத்தில் இருந்தார்கள். ஒரு பக்கத்துக்குக் ‘காடு’, மறுபக்கத்துக்குப் ‘பாதுகாப்பு’. துரத்தியவர்கள் வேறு வேறு. வெளியே நின்றவர்களின் கேள்வி ஒன்றுதான்: எங்கட ஊருக்கு நீங்கள் வைத்த பெயரை யாரைக் கேட்டு வைத்தீர்கள்?

பொதுத் தேவை

தெளிவில்லாத சொல் எல்லாமே கெட்டது என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சட்டம் அப்படியான சொற்கள் இல்லாமல் நடக்காது. 1950 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டம் ‘பொதுத் தேவைக்காக’ அரசு காணி எடுக்கலாம் என்கிறது. ஆஸ்பத்திரி, ரோட்டு, பள்ளிக்கூடம் என்று முழுப் பட்டியலையும் 1950 இலேயே எழுதி முடிக்க முடியுமா? முடியாது. ஆகவே சொல்லைத் திறந்து வைத்திருக்கிறார்கள். திறந்து கிடக்கிற கதவுக்குள் யார் நுழைகிறார் என்று பார்க்க ஒரு ஆள் வேணும், அவ்வளவுதான்.

சில நேரம் அந்த ஆள் இருந்திருக்கிறார். பொதுத் தேவை என்று மட்டும் பொத்தாம்பொதுவாகச் சொன்னால் போதாது, என்ன தேவை என்பதை அறிவித்தலிலேயே சொல்ல வேண்டும் என்று 2000 ஆம் ஆண்டில் அறிக்கையிடப்பட்ட மானெல் பெர்னாண்டோ வழக்கில் உயர் நீதிமன்றம் சொன்னது. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென்று 1980களில் எடுத்த காணி பிறகு தனியார் கோல்ப் மைதானமாக மாறியது. வோட்டர்ஸ் எட்ஜ் வழக்கு என்று எல்லாருக்கும் தெரிந்த அந்த வழக்கில், 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்தக் கைமாற்றத்தை ஏற்கவில்லை. முன்னாள் சனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 30 இலட்சம் ரூபா செலுத்த வேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. கோல்ப் விளையாடுவது ‘பொது’ ஆகாது என்று ஒரு நீதிமன்றம் சொன்னபோது அந்தச் சொல்லுக்கு ஒரு வேலி கிடைத்தது.

ஆனால் 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைப் படைத் தேவைக்காக எடுப்பதற்கு அறிவித்தல்கள் ஒட்டப்பட்டபோது, காணிக்காரரை அடையாளம் காண முடியவில்லை என்று சொல்லப்பட்டது. அந்தக் காணிக்காரரில் பலர் சில கிலோமீற்றருக்கு அப்பால் முகாம்களில்தான் இருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நீதிமன்றத்துக்கும் போனார்கள். ‘அடையாளம் காண முடியவில்லை’ என்பதில் எவ்வளவு தூரம் தேடினார்கள் என்ற அளவு இல்லை. தேடுகிறவருக்குக் கண்டுபிடிக்கும் அவசரம் இல்லையென்றால், வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளும் காணாமல் போனவர்தான்.

மீள்குடியேற்றம், விடுவிப்பு

‘மீள்’ என்றால் திரும்புதல். மீள்குடியேற்றம் என்றால் திரும்பிப் போய்க் குடியேறுவது. சொல் தன்னளவில் நேர்மையானதுதான். 2012 செப்டெம்பரில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம் மூடப்பட்டது. நாட்டில் இனி இடம்பெயர்ந்தோர் இல்லை என்ற தொனியில் அரசு பேசியது. ஆனால் கடைசியாக வெளியேறியவர்களில் கேப்பாப்புலவுக் குடும்பங்கள் 110 சொந்த ஊருக்குப் போகவில்லை. ஊரில் இராணுவம் இருந்தது. அவர்களைச் சீனியாமோட்டையில் காட்டை வெட்டிய இடத்தில் இறக்கினார்கள். ஐக்கிய நாடுகள் சபையே கவலை தெரிவித்தது. முகாமில் இருந்து பார்த்தால் அது ‘மீள்குடியேற்றம்’. கேப்பாப்புலவில் இருந்து பார்த்தால் இன்னொரு இடம்பெயர்வு.

முள்ளிக்குளத்துக்கும் 2012 இல் அப்படித்தான். மக்கள் ஊருக்கு வெளியே மலங்காட்டில் குடிசை போட்டார்கள். இன்னொரு பகுதியினர் காயாக்குழியில். அங்கிருந்து ஊர் கிட்டத்தான். கிட்ட இருப்பதாலேயே கணக்கெடுக்கிறவருக்கு அது ‘மீள்’ மாதிரித் தெரியும். கடலைக் காணலாம், ஆனால் தன்னுடைய கரையில் வலை போட முடியாது. குளம் எங்கே இருக்கிறது என்று தெரியும், அந்தத் தண்ணீரில் விதைக்க முடியாது. ‘கிட்ட’ என்ற சொல்லும் பாருங்கள், எவ்வளவு தூரமாகப் போய்விட்டது.

2017 மார்ச் 23 இல் மக்கள் ஊர் வாசலில் போராட்டத்தைத் தொடங்கினார்கள். பெண்கள்தான் அதிகம். 38 நாள். ஏப்ரல் 29 இல், முதற்கட்டமாக 100 ஏக்கர் விடுவிக்கப்படும் என்று கடற்படைத் தளபதி அறிவித்தார். அன்று மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு சொல்லாகப் பிரிக்க வேண்டி வந்தது. எந்த 100? வீடுகள் அதற்குள் இருக்கிறதா? குளம்? வயல்? ‘விடுவிப்பு’ என்றால் கையை எடுப்பதா, உறுதியோடு திருப்பித் தருவதா? ‘முதற்கட்டம்’ என்றால் இரண்டாம் கட்டத்துக்குத் தேதி என்ன? அறிவிப்புக்குப் பிறகும் ஊரின் பெரும்பகுதி கடற்படையிடமே இருந்தது. சனம் கோயிலை அண்டிய பக்கத்தில் கொட்டில் போட்டு இருந்து பார்த்தது.

இதோடு இரணைதீவையும் சேர்த்துப் பார்க்க வேணும். 1992 இல் இடம்பெயர்ந்த அந்தத் தீவு மக்கள் 2017 மே மாதத்தில் போராட்டம் தொடங்கினார்கள். ஒரு வருடமாகக் கிடைத்ததெல்லாம் ‘பார்ப்போம்’ வகைப் பதில்கள். 2018 ஏப்ரல் 23 இல் படகுகளில் ஏறித் தீவில் போய் இறங்கினார்கள். போய் இறங்கியதோடு ‘விரைவில்’ என்ற சொல்லுக்கு அவர்களே ஒரு தேதி போட்டுவிட்டார்கள்.

ஊர் என்றால்

கடைசியாக ஒரு சொல் மிஞ்சியிருக்கிறது. இதுவும் எல்லை தெளிவில்லாத சொல்தான், ஆனால் இந்த முறை மக்கள் பக்கத்துச் சொல். ‘ஊர்’.

“எங்கட ஊரைத் தாங்கோ” என்று முள்ளிக்குளம் கேட்டபோது அது எத்தனை ஏக்கர்? அளவைத் திணைக்களம் கேட்டால் பதில் சொல்லக் கஷ்டம்தான். வீட்டு வளவு மட்டும் ஊர் இல்லை. மழைத்தண்ணி பிடிக்கும் குளம், அது பாயும் வயல், மாடு போகும் வழி, இன்னார் இன்ன நாளில் இழுப்பது என்று முறை வைத்திருந்த கரைவலைப் பாடு, கோயில், பள்ளிக்கூடம், செத்தவர்களைப் புதைத்த சேமக்காலை. இதில் ஒன்றை எடுத்தால் இன்னும் ஊர்தானா? இரண்டை எடுத்தால்? நெல்லுக் குவியல் புதிரை இப்போது மற்றப் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டியிருக்கிறது. 100 ஏக்கர் தந்தால் ஊர் தந்ததா?

இந்தச் சொல் ஏன் மற்றச் சொற்களைப் போல ஏமாற்றவில்லை என்று நாங்கள் எங்களுக்குள் கனநேரம் விவாதித்தோம். எங்களுக்குப் பட்ட பதில் இது. ‘ஊர்’ என்பதன் எல்லையை அந்த ஊரில் யாரும் தனியாகத் தீர்மானிப்பதில்லை. பாட்டின் எல்லையில் சண்டை வந்தால் சங்கத்தில் கதைப்பார்கள். தண்ணி திறப்பதில் பிரச்சினை என்றால் வயல் கூட்டத்தில் கேட்பார்கள். திருப்பிக் கேட்க ஆள் இருந்தது, கேட்டால் பதில் சொல்ல வேண்டிய கடமையும் இருந்தது. கன்டீனில் “இந்தா வாறன்” என்பதற்கு “எவ்வளவு நேரமடா?” என்று நாங்கள் கேட்பதும் அதே உரிமையால்தான்.

அதனால் இதை வாசிக்கிற எங்கட வயதுக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறோம். அரசாங்கம் சொன்னாலும் சரி, கட்சிகள் சொன்னாலும் சரி, கெம்பஸ் நிருவாகம் சொன்னாலும் சரி, எங்கட இயக்கங்கள் அந்த நாட்களில் சொன்னதைத் திரும்ப வாசித்தாலும் சரி, ‘விரைவில்’, ‘தற்காலிகம்’, ‘நியாயமான’, ‘பொது’, ‘பாதுகாப்பு’ என்று வரும் இடத்தில் நின்று மூன்று கேள்வி கேளுங்கள். எப்ப? எவ்வளவு? யார் தீர்மானிக்கிறது? முதல் இரண்டுக்கும் பதில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, வாழ்க்கையில் எல்லாவற்றையும் எண்ணால் சொல்ல முடியாது. மூன்றாவதுக்குப் பதில் இல்லாவிட்டால் மட்டும் கதவைச் சாத்திவிட்டுப் புறப்படாதீர்கள்.

முள்ளிக்குளத்துச் சனம் 2007 செப்டெம்பரில் வீட்டைப் பூட்டிய நேரமும் வழமை போல “போயிட்டு வாறம்” என்றுதான் சொல்லியிருப்பார்கள். தமிழில் நாங்கள் யாரும் “போறம்” என்று மட்டும் சொல்வதில்லை. அவர்கள் தரப்பில் அந்தச் சொல் இன்னும் அப்படியே நிற்கிறது.